தூக்கியதால்தான் டிஸ்க் பிதுங்கியதா? இழப்பீட்டு வழக்கில் பயோமெக்கானிக்ஸ் எதுவரை பேசலாம்

கேள்வி

வணக்கம். கிடங்குத் தொழிலாளி, ஆண், 42 வயது, 70 கிலோ எடை. தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருந்த 30 கிலோ பெட்டியைப் பக்கவாட்டில் திரும்பியபடி தூக்கியிருக்கிறார். அன்று மாலையே இடுப்பு வலி, மூன்றாம் நாள் இடது பாதம் வரை இழுப்பு. எம்ஆர்ஐயில் எல்5-எஸ்1 டிஸ்க் (இடுப்பு முதுகெலும்பின் கடைசி எலும்புக்கும் அதன் கீழுள்ள திரிக எலும்புக்கும் நடுவிலுள்ள வட்டு) இடப்பக்கம் பிதுங்கியிருக்கிறது. எதிர்த்தரப்பு நிபுணர், “பெட்டியின் மையம் முதுகெலும்பிலிருந்து 30 செ.மீ. தொலைவில் இருந்தது, டிஸ்க் மீதான அழுத்து விசை 3400 நியூட்டனைத் தாண்டவில்லை, எனவே காயத்துக்கு வாய்ப்பில்லை” என்று எழுதியிருக்கிறார். இந்த வாதம் நிற்குமா? இப்போதைய இயலாமையை அளக்கும்போது எவற்றைப் பதிவு செய்ய வேண்டும்?

பதில் 1 (பயோமெக்கானிக்ஸ், அதாவது உடல் மீதான விசைகளைக் கணக்கிடும் துறை)

அந்த 30 செ.மீ. எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். பெட்டியை நாடாவால் அளந்து பாருங்கள். அதன் ஆழம் 60 செ.மீ. என்றால், முன்பக்கத்திலிருந்து மையத்துக்கே 30 செ.மீ. ஆகிவிடுகிறது. வயிறும் முழங்காலும் நடுவில் இருக்கும்போது பெட்டி முதுகெலும்பை ஒட்டி இருக்க முடியாது. அப்படிப்பட்ட பெட்டிக்கு 50 செ.மீ.தான் நம்பக்கூடிய தூரம்.

இனி கணக்கு. 30 கிலோவை 9.81-ஆல் பெருக்கி, 0.5 மீட்டரால் பெருக்கினால் 147 நியூட்டன் மீட்டர். இடுப்புக்கு மேலுள்ள உடல் சுமார் 40 கிலோ, அதன் மையம் 20 செ.மீ. முன்னால் என்று வைத்தால் இன்னொரு 78. மொத்தத் திருப்புத்திறன் 225. இதைத் தாங்கும் முதுகுத் தசைக்கு நெம்புகோல் தூரம் வெறும் 6 செ.மீ. ஆகவே தசை இழுக்க வேண்டியது சுமார் 3760 நியூட்டன். உடல் 45 பாகை குனிந்திருந்தால் எடைகளின் பங்கு இன்னொரு 485. ஆக மொத்தம் சுமார் 4250 நியூட்டன். தசையின் தூரத்தை 5 செ.மீ. என்று போட்டால் இதுவே 5000 ஆகிறது. எதிர்த்தரப்பின் 30 செ.மீ.யையே ஏற்றுக்கொண்டாலும், 6 செ.மீ.க்கு 3270, 5 செ.மீ.க்கு 3820. ஒரு செ.மீ. அனுமானத்தில் எல்லைக்கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போக முடிகிறது என்றால், ஒற்றை எண்ணை அறிக்கையில் எழுதுவதே தவறு. 4200 முதல் 5000 வரை என்று வீச்சாக எழுதி, அனுமானங்களைப் பக்கத்திலேயே காட்டுங்கள்.

இது நிலையான, இருபுறமும் சமமான தூக்கலுக்கான கணக்கு. வெடுக்கென்று தூக்கினால் முடுக்கம் சேர்கிறது. திரும்பியபடி தூக்கினால் வயிற்றின் பக்கத் தசைகளும் சேர்ந்து இறுக்குவதால் டிஸ்க் மீது அழுத்தம் இன்னும் கூடும். கிடைத்த எண்ணைக் கீழ்வரம்பாகவே பாருங்கள்.

3400 பற்றி. அது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வேலையைப் பாதுகாப்பாக வடிவமைக்க வைத்த வரம்பு. இதற்குக் கீழே காயமே வராது என்று அது சொல்லவில்லை, மேலே போனால் காயம் நிச்சயம் என்றும் சொல்லவில்லை. முதுகெலும்பின் தாங்குதிறன் வயதுக்கும் பாலினத்துக்கும் எலும்பின் அடர்த்திக்கும் ஏற்ப மிகவும் மாறும்.

ஒரு தூக்கலுக்குப் பரிந்துரைக்கத்தக்க எடையைக் கணக்கிடும் நியோஷின் 1991 தூக்கும் சமன்பாட்டையும் போட்டுக் காட்டலாம். அடிப்படை 23 கிலோ. கணுக்கால்களின் நடுவிலிருந்து கை 50 செ.மீ. என்றால் பெருக்கி 0.5, உயரம் 25 செ.மீ.க்கு 0.85, 50 செ.மீ. மேலே தூக்கினால் 0.91, 45 பாகை திரும்பினால் 0.856. பிடியும் தூக்கும் எண்ணிக்கையும் சரியாக இருந்தாலும் பரிந்துரை எடை 7.6 கிலோதான். 30 கிலோ அதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. இது பணியின் ஆபத்தைச் சொல்கிறது, காயத்தின் காரணத்தைச் சொல்லவில்லை. இன்னொன்று: இந்தச் சமன்பாட்டில் தூரம் கணுக்காலிலிருந்து, முன்னே போட்ட கணக்கில் எல்5-எஸ்1-இலிருந்து. இரண்டையும் குழப்பினால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வீர்கள்.

பதில் 2 (பிசியோதெரபி)

எம்ஆர்ஐ படத்தை மட்டும் நம்பி எழுதாதீர்கள். அறிகுறியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்த 2015 ஆய்வில், 40 வயதினரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிஸ்க் புடைப்பும் மூன்றில் ஒருவருக்குப் பிதுக்கமும் இருந்தன. ஆகவே படமும் உடலும் ஒத்துப்போகின்றனவா என்பதே முக்கியம். எல்5-எஸ்1 பிதுக்கம் பெரும்பாலும் எஸ்1 நரம்பை அழுத்தும். கணுக்கால் அனிச்சை குறைந்திருக்கிறதா, பாதத்தின் வெளியோரம் மரத்திருக்கிறதா, இடது காலில் மட்டும் நின்று குதிகாலை எத்தனை முறை உயர்த்த முடிகிறது என்று பாருங்கள். வலது காலின் எண்ணையும் எழுதுங்கள். மூன்றும் இடப்பக்கமே இருந்தால் அறிக்கை வலுவாகும்.

குனியும் அளவுக்கு இரண்டு சாய்வுமானிகள்: ஒன்று டி12-இல் (மார்பு முதுகெலும்பின் கடைசி எலும்பு), ஒன்று எஸ்1-இல் (திரிக எலும்பின் மேல்பகுதி). மேலது 75, கீழது 35 என்றால் இடுப்பு முதுகின் பங்கு 40 பாகை, மீதி இடுப்பு மூட்டுடையது. ஒரே கருவியில் மொத்தத்தை அளந்தால் விறைத்த முதுகும் இயல்பாகத் தெரியும். அடையாளத்தை நிற்கும்போதே பேனாவால் போட்டுவிடுங்கள், குனிந்த பிறகு போட்டால் தோல் நகர்ந்திருக்கும். காலையில் டிஸ்க் நீர் நிறைந்து விறைப்பாக இருப்பதால் அளந்த நேரத்தையும் குறியுங்கள். தொடர்ந்து மூன்று அளவுகள் சராசரியிலிருந்து 5 பாகை அல்லது 10 சதவீதத்துக்குள், எது பெரிதோ அதற்குள், வர வேண்டும். ஆறு முறைக்குள் வராவிட்டால் அந்த இயக்கத்தின் அளவை மதிப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. அளவு ஒவ்வொரு முறையும் மாறினால் நடிக்கிறார் என்று எழுதலாமா?

பதில் 2 (பிசியோதெரபி)

கூடாது. வலியும் பயமும்கூட அளவை மாற்றும். கைப்பிடி வலிமையில் மாறுபாட்டுக் கெழு (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் சதவீதம்) 15 சதவீதத்தைத் தாண்டினால் முயற்சி குறைவு என்று முடிவு கட்டுவார்கள், அதற்கு அவ்வளவு ஆதாரம் இல்லை. 1980-இல் வந்த வாடல் அறிகுறிகளும் (உடல் காரணத்தோடு பொருந்தாத வலி வெளிப்பாடுகளைப் பார்க்கும் சோதனைகள், வாடல் என்ற மருத்துவரின் பெயரால் வந்தவை) நடிப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல, வாடலே அப்படிப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தார். “அளவுகள் சீராக இல்லை, இந்தச் சோதனையிலிருந்து முடிவு எடுக்க இயலவில்லை” என்று நிறுத்திக்கொள்ளுங்கள். படுத்த நிலையில் காலை உயர்த்தும்போது 35 பாகையில் வலி என்பவர், அதே நரம்பை இழுக்கும்படி உட்கார்ந்து முழங்காலை நீட்டும்போது வலியே இல்லை என்றால், இரண்டு எண்களையும் அப்படியே பதியுங்கள்.

பதில் 3 (வழக்கறிஞர்)

அறிக்கையில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். இத்தகைய தூக்கல் இத்தகைய காயத்தை உண்டாக்க வல்லதா? அதை விசைக் கணக்கு சொல்லும். இந்த ஆளுக்கு அப்படித்தான் நடந்ததா? அதற்கு முதல் மருத்துவப் பதிவின் தேதி, அதில் எழுதிய வலியின் இடம், முன்பு வலி இருந்ததா என்ற வரலாறு, வேறு காரணங்கள் என எல்லாம் வேண்டும், அது மருத்துவர் சொல்ல வேண்டியது. மூன்றாவது, இன்று என்ன செய்ய முடியவில்லை? விசையை மட்டும் கணக்கிட்ட பொறியாளர் இரண்டாவதற்குப் பதில் சொன்னால் ஆட்சேபம் எழுப்புங்கள், எந்தத் தரப்பின் சாட்சியாக இருந்தாலும்.

டிஸ்க் ஏற்கெனவே தேய்ந்திருந்தது என்று சொல்லி எதிர்த்தரப்பு தப்ப முடியாது. பொதுச் சட்ட மரபுள்ள நாடுகளில் பாதிக்கப்பட்டவரை அவர் இருந்த நிலையிலேயே ஏற்க வேண்டும் என்பதே விதி. ஆனால் பழைய தேய்மானத்தை மறைத்தால் உங்கள் அறிக்கை மொத்தமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். “முன்பே தேய்மானம் இருந்தது, ஆனால் கால் வரை இழுப்பு இருந்ததாக முன்பதிவு இல்லை” என்று எழுதலாம், பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு. அந்தப் பெட்டி இன்னும் கிடங்கில் இருந்தால், எடை போட்டு, அளந்து, படம் எடுத்து வைக்கும் வேலையை இன்றே முடித்துவிடுங்கள்.