தோட்டத்துச் செக்ரோலை மூன்றாம் இயல்பு வடிவத்திற்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: கொட்டகலை மாணவி

வணக்கம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தில் தரவுத்தள வடிவமைப்பைக் கற்கிறேன். செயற்றிட்டத்திற்குத் தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்து நிறுவையையும் சம்பளக் கணக்கையும் எடுத்துக்கொண்டு, செக்ரோலில் (தொழிலாளரின் அன்றாட வேலையையும் சம்பளத்தையும் பதியும் ஏடு) உள்ள தலைப்புகளை அப்படியே ஒரே அட்டவணையாக்கியிருக்கிறேன்: திகதி, தொழிலாளியின் பதிவிலக்கம், பெயர், டிவிசன் (தோட்டப் பிரிவு), மலை இலக்கம் (தேயிலை நிலத்துண்டின் எண்), கங்காணி (வேலையை மேற்பார்ப்பவர்), காலை நிறுவை, பகல் நிறுவை, மாலை நிறுவை, நாட்சம்பளம். இது மூன்றாம் இயல்பு வடிவத்தில் இல்லை என்று விரிவுரையாளர் திருப்பித் தந்துவிட்டார். வரைவிலக்கணங்கள் மனப்பாடம், எதை எங்கே பிரிப்பது என்பதுதான் பிடிபடவில்லை. பதிவிலக்கத்திற்குப் பதிலாகத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு பதிவையும் தனித்து இனங்காட்டுவது) வைத்தால் சரியாகுமா?

பதில்: பேராதனைப் பழைய மாணவன்

தங்கச்சி, அட்டவணையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை வராது. எது தெரிந்தால் வேறு எது ஐயமின்றித் தீர்மானமாகிவிடும் என்ற சார்புதான், ஒரே தரவு திரும்பத் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிக்கும் இயல்பாக்கத்தின் அடிப்படை. எட்கர் கொட் 1970இல் உறவுநிலை மாதிரியை வெளியிட்டு, அடுத்த ஆண்டு இரண்டாம், மூன்றாம் வடிவங்களை வகுத்ததும் அதைப் பற்றிக்கொண்டுதான். அந்தச் சார்பு தோட்டத்து நடைமுறையில் இருக்கிறது, நிரப்பிய நிரைகளில் (கிடைவரிசைகளில்) இல்லை.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு நிரை என்றால், திகதியும் பதிவிலக்கமும் சேர்ந்ததே சாவி. பெயரைச் சொல்லத் திகதி வேண்டியதில்லை, பதிவிலக்கமே போதும். ஆகவே பெயரும் அவர் பதிந்துள்ள டிவிசனும் தொழிலாளி அட்டவணைக்குப் போக வேண்டும். சாவியின் ஒரு பகுதியை மட்டும் சார்ந்தவற்றைப் பிரித்தாயிற்று, இவ்வளவில் இரண்டாம் வடிவம் முடிந்தது. கங்காணியிடம்தான் சிக்கல் இருக்கிறது. மலைக்கு மலை கங்காணி நிலையானவர் என்றால், சாவி மலையைத் தீர்மானிக்க, மலை கங்காணியைத் தீர்மானிக்கிறது. நேராக அன்றி மலை வழியாகச் சுற்றிவரும் இச்சார்பை வெட்டுவதே மூன்றாம் வடிவம். அவர் அன்றன்று மாறுபவர் என்றால் திகதியும் மலையும் சேர்ந்தே அவரைத் தீர்மானிக்கும், பிரிக்கும் அட்டவணையும் வேறாகும். இரண்டில் எது என்பதைக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டுத்தான் அறிய முடியும். மேற்பிரிவிலும் கீழ்ப்பிரிவிலும் 5ஆம் நம்பர் மலை இருக்குமானால், மலை இலக்கம் தனித்துச் சாவியாகாது என்பதையும் கவனியுங்கள். ஒரே வகைத் தரவு திரும்ப வரும் மூன்று நிறுவை நிரல்களும் (நெடுவரிசைகளும்) முதலாம் வடிவத்தையே மீறுகின்றன.

பதில்: பதுளை நிரலாளர்

கடைசி வாக்கியத்தோடு உடன்பட முடியவில்லை. ஒரு கட்டத்திற்கு ஒரே மதிப்பு என்பதே முதலாம் வடிவம், இங்கே ஒவ்வொரு நிரலிலும் ஓர் எண் மட்டுமே இருப்பதால் அது மீறப்படவில்லை. பிரிக்க வேண்டிய காரணம் வேறு: கொழுந்து மலிந்த காலத்தில் நான்காவது நிறுவை வந்தால் அட்டவணையின் அமைப்பையும், அந்த மூன்று நிரல்களைக் கூட்டும் வினவல்கள் எல்லாவற்றையும் மாற்ற நேரிடும்.

அடையாள அட்டை இலக்கம் சாவியாக வேண்டவே வேண்டாம். 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய முறையும், 2016இல் வந்த 12 இலக்க முறையும் ஒன்றாகப் புழங்குகின்றன. ஒரே ஆளை இரண்டு விதமாகவும் எழுதலாம் என்பதால் அவர் இருவராகப் பதிவாகிவிடுவார். பிறந்த ஆண்டும் நாளும் பாலும் அந்த இலக்கத்திற்குள்ளேயே இருக்கின்றன (பெண்களுக்கு நாளெண்ணோடு 500 கூட்டப்படுகிறது), அதை எல்லா அட்டவணைகளிலும் அந்நியச் சாவியாக (வேறு அட்டவணையின் சாவியைச் சுட்டும் நிரலாக) இறைப்பது நல்லதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அட்டை எடுக்க முடியாது போனவர்கள் நம் லயங்களில் (தோட்டக் குடியிருப்புகளில்) இருந்திருக்கிறார்கள். முதன்மைச் சாவியோ வெறுமையாக இருக்க முடியாது. அடையாள அட்டை இலக்கத்தைத் தொழிலாளி அட்டவணையில் விருப்பத்திற்குரிய நிரலாக மட்டும் வையுங்கள்.

கேட்டவர்: கொட்டகலை மாணவி

இருவருக்கும் நன்றி. கொழுந்தெடுக்கும் என் மாமியிடம் விசாரித்தேன். பகலுக்குப் பிறகு வேறு மலைக்கு, சில வேளை பக்கத்து டிவிசனுக்கும் அனுப்புவார்களாம். அங்கே கங்காணியும் வேறொருவராம். அப்படியானால் சாவியே பிழைத்துவிடுகிறதே? நாட்சம்பளத்தை எங்கே வைப்பது?

பதில்: பதுளை நிரலாளர்

மாமி சொன்னதோடு ஒரு நாளைக்கு ஒரு நிரை என்ற எடுகோள் போய்விட்டது. நிறுவை அட்டவணைக்குப் பதிவிலக்கம், திகதி, எத்தனையாவது நிறுவை என்ற மூன்றும் சாவி. டிவிசன், மலை, கிலோ ஆகியன அதைச் சார்ந்தவை. இங்குள்ள டிவிசன் மலைக்குரியது, தொழிலாளி பதிந்திருக்கும் டிவிசன் அன்று. கங்காணிக்குத் தனி அட்டவணை: திகதி, எத்தனையாவது நிறுவை, டிவிசன், மலை என்பன சேர்ந்து அவரைத் தீர்மானிக்கும். ஒரு மலையில் ஒரே வேளையில் இரு கங்காணிகள் நிற்பதுண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். உண்டென்றால் இதுவும் மாறும்.

நாட்சம்பள வீதம் காலத்தைச் சார்ந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக நாளொன்றுக்கு 1,000 ரூபாய் நடைமுறைக்கு வந்ததே, அத்தகைய மாற்றத்தின்போது பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதினால் முந்தைய மாதக் கணக்குகளும் புது வீதத்தில் வந்து நிற்கும். எனவே நடைமுறைக்கு வந்த திகதியைச் சாவியாகக் கொண்ட வீத அட்டவணை வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து கழிக்கும் நூற்றுக்கு 8, தொழில்தருநர் சேர்க்கும் நூற்றுக்கு 12 ஆகியவற்றையும் நிரலுக்குள் புதைக்காமல் அதே முறையில் வையுங்கள்.

நாளின் மொத்தக் கிலோவைச் சேமிக்க வேண்டாம், கூட்டிப் பெறலாம். ஆனால் மாத முடிவில் வழங்கிய சம்பளத்தைச் சேமியுங்கள். அதையும் கணித்துப் பெறலாமே, இது மிகைத்தரவு அல்லவா என்று விரிவுரையாளர் கேட்கக்கூடும். நிறுவையொன்றைப் பின்னர் திருத்தினாலும் அன்று கையில் கொடுத்த தொகை மாறுவதில்லை, ஆகவே அது தனியொரு தரவு என்று விளக்குங்கள்.