பொருள்: ஜெஸ்ஸோவுக்கு ‘அடிப்பூச்சு’ வேண்டாம், ‘பற்றுப்பூச்சு’ என்போமா?

குழுவினருக்கு வணக்கம்.

கோத்தகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அக்ரிலிக் ஓவிய வகுப்பு தொடங்குகிறோம். பெற்றோர் கடைக்கு எடுத்துப்போகும் பொருள் பட்டியலைத் தமிழிலேயே கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தூரிகை, கித்தான், வண்ணத்தட்டு எல்லாம் எழுதியாயிற்று. ஜெஸ்ஸோவில்தான் இழுபறி. வண்ணம் தீட்டுவதற்கு முன் கித்தானில் பூசுகிற பூச்சு அது; அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்றுதான் குழுவில் பேசிவருகிறோம்.

வந்த மடல்களில் ‘அடிப்பூச்சு’க்குத்தான் ஆதரவு அதிகம். நல்ல சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. சுவருக்கும் கதவுக்கும் முதலில் அடிக்கிற பிரைமரை அப்படித்தான் சொல்கிறோம். பெயின்ட் கடையில் போய் அடிப்பூச்சு கேட்டால் மர பிரைமரை எடுத்து வைப்பார்கள். அதில் எண்ணெய் சார்ந்த வகைகள் உண்டு. அவற்றின் மேல் அக்ரிலிக் சரியாக ஒட்டாது, பிறகு உரிந்து வரும். வேறு டப்பாவை வாங்க வைக்கிற சொல்லைப் பட்டியலில் எப்படி எழுதுவது?

மடல்களில் வந்த மற்றச் சொற்களில் ‘வெண்தளம்’ பொருந்தாது. கறுப்பு ஜெஸ்ஸோவும் நிறமில்லாத ஜெஸ்ஸோவும் கிடைக்கின்றனவே. ‘சுதை’ எனக்கும் மிகப் பிடித்த சொல். ஆனால் சுதை என்றால் சுண்ணாம்புச் சாந்து, கோபுரச் சிற்பம் என்றே மனம் போகிறது. அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

ஜெஸ்ஸோ செய்கிற வேலையைப் பார்ப்போம். இத்தாலியில் பழைய ஜெஸ்ஸோ என்பது விலங்குத்தோல் பசையில் ஜிப்சமோ சுண்ணக்கட்டித் தூளோ குழைத்தது. காய்ந்தால் விறைத்துப்போகும் என்பதால் மரப்பலகைக்குத்தான் ஏற்றது, துணியில் வெடித்துவிடும். இப்போது கடையில் கிடைப்பது அக்ரிலிக் பால்மத்தில் (நீரில் அக்ரிலிக் நுண்துளிகளாகக் கலந்து பால் போலிருக்கும் திரவம்) கால்சியம் கார்பனேட்டும் வெள்ளை நிறமியும் சேர்ந்தது. துணியோடு சேர்ந்து வளையும். கித்தான் வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கிறது. அதோடு, அதிலுள்ள தூள் பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கி, மேலே வரும் வண்ணத்துக்குப் பிடிமானம் தருகிறது. இந்தப் பிடிமானம்தான் அதன் உயிர். அதனால்தான் ‘பற்றுப்பூச்சு’ என்கிறேன்: தானும் துணியைப் பற்றுகிறது, வண்ணத்தையும் பற்ற வைக்கிறது. வீக்கத்துக்குப் பற்றுப் போடுவது நினைவுக்கு வருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வரட்டுமே. அதுவும் குழைத்து, தடவி, ஒட்டி நிற்கும் பொருள்தானே.

அப்புறம், வண்ணத்தில் நிறமித் தூளைச் சேர்த்துப் பிடித்து ஒட்டவைக்கிற பொருளுக்கு (binder) ‘பிணைப்பான்’ என்ற சொல் வேண்டுமா என்ற கேள்வி. என் வாக்கு ‘பிசின்’ என்பதற்கே. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை எழுத்துப் பாறையில் பழைய பாறை ஓவியங்கள் இருக்கின்றன. அந்தப் பகுதிக் குறும்பர் ஓவியர்கள் வேங்கை மரப் பிசினையே வண்ணமாகக் கொண்டு வரைகிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ‘அக்ரிலிக் பிசின்’ என்றால் விளக்கமே வேண்டியதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டுவானேன்?

இன்னொன்று, மலைக்காரர்களாகிய எங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது. அக்ரிலிக்கில் நீர் ஆவியானால் மட்டும் போதாது, பால்மத்தின் நுண்துளிகள் ஒன்றோடொன்று இணைந்து படலமாக வேண்டும். ஏறத்தாழ 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது ஒழுங்காக நடக்காது. மார்கழி, தை இரவுகளில் இங்கே உறைபனியே விழும். கை வைத்துப் பார்த்தால் காய்ந்தது போலிருக்கும், படலம் வலுவாக இருக்காது. எனவே நண்பகலில் பூசி, வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில் வைக்கச் சொல்லி எழுதப்போகிறேன். இந்த இரு நிலைகளையும் பிரித்துச் சொல்லத் ‘தொடுகாய்வு’, ‘முழுக்காய்வு’ என்று வைத்திருக்கிறேன். இரண்டாவது எனக்கே முழு நிறைவாக இல்லை. ‘படலமாதல்’ இன்னும் துல்லியம், ஆனால் பெற்றோருக்குப் புரியுமா?

பட்டியலில் இப்போதைக்கு இப்படி இருக்கிறது: ‘அக்ரிலிக் பற்றுப்பூச்சு, வெள்ளை, 500 மில்லி. கடையில் ஜெஸ்ஸோ என்று கேட்கவும்.’ வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.