ஸ்பெஷல் எக்செப்ஷன்: விதிவிலக்கா, ஒப்புதலா?

ஃபேர்ஃபாக்ஸிலிருந்து:

கலைச்சொல் மடற்குழுவில் அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு துண்டறிக்கையைத் தமிழில் முடித்துக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள், பொது விசாரணையில் யாரிடம் போய்ப் பேசுவது என்பதுதான் பொருள். பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் பெரியவர்கள் படிப்பார்கள்.

ஆங்கிலச் சொற்களுக்கு இப்போதைக்கு நான் வைத்திருப்பவை: போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ் (கவுண்டியை ஆளும் குழு) = மேற்பார்வையாளர் குழு; ஜோனிங் (எந்தப் பகுதியில் என்ன வரலாம் என்று நிலத்தைப் பிரிப்பது) = மண்டலப் பகுப்பு; வேரியன்ஸ் = மாறுபாடு; ஸ்பெஷல் எக்செப்ஷன் = சிறப்பு விதிவிலக்கு. எனக்கே நிறைவில்லை.

கோவையிலிருந்து:

மேற்பார்வையாளர் என்றால் கட்டட வேலையிடத்தில் நிற்பவர்தான் நினைவுக்கு வருவார். நம்மிடம் 'வாரியம்' இருக்கிறதே! பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் வருகின்றன. ஏரியையும் தோட்டத்தையும் கவனித்த அவைக்கும் நிலப்பயனைக் கவனிக்கும் அவைக்கும் ஒரே சொல் பொருந்தும். விளைச்சலைக் குறிக்கும் 'வாரி'யே இதன் வேர் என்பது என் நெடுநாள் கருத்து. அதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

ஜோனிங்குக்குத் 'திணைப்பகுப்பு'. நிலத்தை வகைப்படுத்திய மொழி நம்முடையது. கீழே கடை, மேலே வீடு என்று வந்தால் 'திணைமயக்கம்'.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, திணைமயக்கம் பற்றிப் பேசும் தொல்காப்பிய அகத்திணையியலில் அடுத்த அடியையும் பாருங்கள். திணைமயக்குறுதல் விலக்கப்படவில்லை என்று சொன்ன கையோடு 'நிலன் ஒருங்கு மயங்குதல் இன்று' என்கிறார் தொல்காப்பியர். நிலம் மட்டும் மயங்காது. கடையும் வீடும் சேர்வது நிலப்பயன் மயங்குவது. அதற்கு அவர் பெயரால் சொல் படைப்பது சரியில்லை. 'கலப்புப் பயன்பாடு' போதும்.

வாரியம் என்றால் இன்று அரசு நியமித்த அமைப்பாகத்தான் தோன்றும். ஃபேர்ஃபாக்ஸில் இந்தக் குழு தேர்தலில் வருவது அல்லவா?

ஃபேர்ஃபாக்ஸிலிருந்து:

ஆமாம். 10 பேர். தலைவரைக் கவுண்டி முழுவதும் தேர்ந்தெடுக்கிறது. மற்ற 9 பேர் தொகுதிக்கு ஒருவர். அவர்களுக்கு முன்பே திட்டக்குழு விசாரித்துப் பரிந்துரை சொல்லும், ஆனால் மறுமண்டலமாக்கலில் (ஒரு நிலத்தின் மண்டலத்தை மாற்றுவதில்) முடிவு இந்த 10 பேருடையது. வேரியன்ஸை விசாரிப்பது வேறொரு குழு, போர்டு ஆஃப் ஜோனிங் அப்பீல்ஸ். அதன் 7 பேரையும் சர்க்யூட் நீதிமன்றம் நியமிக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அப்படியென்றால் 'வாரியம்' அந்த எழுவருக்குப் பொருந்தும்: மேன்முறையீட்டு வாரியம். தேர்தலில் வருவது 'கவுண்டி ஆட்சிக்குழு'.

சென்னையிலிருந்து:

நகரமைப்பு வேலையில் பல வருடம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். வாரியமா குழுவா என்பதைவிட 'சிறப்பு விதிவிலக்கு' என்பதுதான் ஆபத்து.

பெயரில் எக்செப்ஷன் இருந்தாலும் அங்கே எந்த விதியும் விலக்கப்படவில்லை. குடியிருப்புப் பகுதியில் தனியார் பள்ளி போன்ற சில பயன்பாடுகள் வரலாம் என்று விதியே பட்டியல் போட்டிருக்கிறது. அந்தக் குறிப்பிட்ட மனைக்கு அது ஏற்றதா, போக்குவரத்து, இரைச்சல், வண்டி நிறுத்துமிடம் எப்படி என்று ஆட்சிக்குழு ஒவ்வொன்றாகப் பார்த்து, நிபந்தனை போட்டு அனுமதிக்கும், அல்லது மறுக்கும். வேரியன்ஸ் அப்படியில்லை. மனையின் வடிவமே கோணல், விட வேண்டிய இடைவெளியை விட்டால் வீடே கட்ட முடியாது என்னும்போது விதியைத் தளர்த்துவது. உண்மையான விலக்கு இதுதான்.

'சிறப்பு விதிவிலக்கு' என்று படித்த பெரியவர் விசாரணைக்குப் போய், "அவர்களுக்கு மட்டும் ஏன் விதியை மீறுகிறீர்கள்?" என்று கேட்பார். கேட்க வேண்டியது, "காலை எட்டு மணிக்கு இந்தத் தெருவில் எத்தனை வண்டி வரும்?" என்பது. பேசக் கிடைத்த மூன்று நிமிடமும் வீணாகிவிடும். அதனால் வேரியன்ஸ் = விதித்தளர்வு; ஸ்பெஷல் எக்செப்ஷன் = நிபந்தனை ஒப்புதல்.

கோவையிலிருந்து:

'ஒப்புதல்' என்றால் கிடைத்துவிட்டது போலல்லவா ஒலிக்கிறது? மறுக்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு என்கிறீர்களே. 'ஆய்வுக்குரிய பயன்' என்று பாருங்கள்.

ஃபேர்ஃபாக்ஸிலிருந்து:

ஐயா சொல்வது சரிதான், ஆனால் 'ஆய்வு' என்றதும் பெரியவர்கள் ஆராய்ச்சியை நினைப்பார்கள். நானும் 'நிபந்தனை ஒப்புதல்' பக்கம் நிற்கிறேன். அதையே எடுத்துக்கொண்டு, "இது கேட்கப்படும் ஒப்புதல், இன்னும் தரப்படவில்லை" என்று ஒரு வரி சேர்க்கிறேன். 'மண்டலப் பகுப்பு' இருக்கட்டும். இங்கே தமிழ்நாட்டார் அதிகம் என்பதால் 'மேன்முறையீட்டு' என்பதை 'மேல்முறையீட்டு' என்று போடுகிறேன். யாழ்ப்பாணத்து அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோவையிலிருந்து:

அச்சுக்குக் கொடுங்கள். 'ஒப்புதல்' எனக்கு உடன்பாடில்லை என்பது பதிவில் இருக்கட்டும். 'வாரி' பற்றிய மடல் நாளை வரும்.