போலிக் கணக்கு, மார்ஃபிங் படம், பண மிரட்டல்: எதை முதலில் செய்வது?

கரிசல்காடு:
சித்தப்பா பொண்ணு, வயசு 19. அவ இன்ஸ்டாகிராம் படங்களை எடுத்து அதே பேர்ல ஒரு போலிக் கணக்கு ஓடுது. ரெண்டு படத்துல முகத்தை வெட்டி ஆபாசமா ஒட்டியிருக்கான். 5,000 ரூபாய் அனுப்பலைன்னா கூடப் படிக்கிறவங்களுக்குப் போகும்னு வாட்ஸப்ல மிரட்டல். சொந்தக்காரப் பசங்க நாற்பது பேர் சேர்ந்து ரிப்போர்ட் அடிக்கலாம்ங்கறாங்க. சரியா வருமா?

வலைக்கண்:
நாற்பது பேரையும் கொஞ்சம் நிறுத்தி வைங்க. ஆதாரம் எடுக்குறதுக்கு முன்னாடி கணக்கு மறைஞ்சா புகார்ல எழுத ஒண்ணும் இருக்காது.

முதல்ல போலி ப்ரொஃபைலோட லிங்க்கை காப்பி பண்ணுங்க. பெயரையும் யூசர்நேமையும் அவன் நினைச்ச நேரத்துல மாத்திக்கலாம். அதனால பெயர் மட்டும் தெரியுற ஸ்கிரீன்ஷாட் அரைகுறை ஆதாரம்தான். ஒவ்வொரு பதிவுக்கும் தனி லிங்க் வேணும். அடுத்து ஸ்கிரீன் ரெக்கார்டிங்: ப்ரொஃபைல்ல ஆரம்பிச்சு பதிவு, ஃபாலோயர் பட்டியல், மெசேஜ்னு ஒரே ஓட்டமா எடுங்க.

வாட்ஸப்ல நம்பர் முழுசா தெரியுற பக்கம், பணம் கேட்ட யுபிஐ ஐடி ரெண்டும் தேவை. சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி மெயிலுக்கு அனுப்பிடுங்க. ஒரு தடவை மட்டும் பார்க்கக்கூடிய படமா வந்திருந்தா அவசரப்பட்டுத் திறக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட் விழாது. இன்னொரு போன் கேமராவைத் தயாரா வச்சுக்கிட்டுத் திறங்க. அந்த நம்பரை ரிப்போர்ட் பண்றப்ப சாட்டையும் சேர்த்து அழிக்கட்டுமான்னு கேட்டா டிக்கை எடுத்துடுங்க. நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்.

பணம் மட்டும் அனுப்பிடாதீங்க. 5,000 கொடுத்தா, கொடுக்கக்கூடிய ஆள்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். அடுத்த தடவை தொகை ஏறும்.

தாழம்பூ:
ரிப்போர்ட் விஷயத்தில் எண்ணிக்கையை விட வகைதான் முக்கியம். நாற்பது பேர் 'ஸ்பேம்' என்று அழுத்துவதால் பெரிய பயன் இல்லை. ஆள்மாறாட்டம் என்ற பிரிவில் அந்தப் பெண்ணே தன் கணக்கிலிருந்து கொடுக்கட்டும். அடையாள அட்டை கேட்டால் அவர்தான் காட்ட முடியும். மார்ஃபிங் படங்களை அனுமதியில்லாத அந்தரங்கப் படம் என்று தனியாகப் புகார் செய்யுங்கள். புகார் வந்ததும் இத்தகைய படங்களையும் ஆள்மாறாட்டத்தையும் நீக்க 2021 ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகள் முதலில் வைத்த உச்ச வரம்பு 24 மணி நேரம்; 2026 பிப்ரவரித் திருத்தம் அதை 2 மணி நேரமாகக் குறைத்தது. அசையவில்லையென்றால் இன்ஸ்டாகிராமின் இந்தியாவுக்கான குறைதீர் அதிகாரிக்கு லிங்க்குகளோடு எழுதுங்கள்.

அனுமதியில்லாத அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) தளத்தையும் பயன்படுத்துங்கள். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து கணக்கிட்ட ஹேஷ் என்ற குறியீடு மட்டும்தான் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவை அதை வைத்து மறுபதிவைத் தடுக்கும். படத்தை வெட்டியோ திருத்தியோ போட்டால் ஹேஷ் பொருந்தாமல் போகலாம். வாட்ஸப் தனி உரையாடலுக்குள் இது எட்டாது. கடைசியில் தரும் வழக்கு எண்ணையும் ரகசிய எண்ணையும் (PIN) எழுதி வையுங்கள்.

நாற்சந்தி:
போலீஸ் பக்கம்: சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் புகார் செய்யலாம். பெயர் சொல்லாமலும் பதியலாம், ஆனால் அதன் நிலையைப் பின்தொடர முடியாது. பண மிரட்டல் இருப்பதால் பெயரோடு பதிவதே நல்லது. ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு மாறிவிடும்.

ஸ்டேஷனில் 'இது எங்கள் எல்லை இல்லை' என்றால் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஐச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எஃப்ஐஆர் பதியலாம். ஐடி சட்டம் 66டி (ஆள்மாறாட்ட மோசடி), 67, 67ஏ (ஆபாசப் பதிவு), பிஎன்எஸ் என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 308 (மிரட்டிப் பணம் பறித்தல்), 351 (மிரட்டல்) பிரிவுகள் இங்கே பேசப்படும். ஐடி சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும், ஆகவே மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கே நேராகப் போனால் நேரம் மிச்சம். நீக்கிய பதிவின் விவரத்தைத் தளம் 180 நாள் வைத்திருக்க வேண்டும். லிங்க் கையில் இருந்தால் நீக்கிய பிறகும் விசாரணை நடக்கும்.

மெசேஜ் வந்த போனை ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் 63-ன் படி சான்றிதழ் வேண்டும்.

கரிசல்காடு:
நன்றி. எங்க குடும்ப குரூப்ல 'யாரும் நம்பாதீங்க'ன்னு அந்தப் படத்தையே போட்டு எச்சரிக்கை பண்ணலாமா?

தாழம்பூ:
வேண்டாம், அதுவும் பரப்புதல்தான். போலிக் கணக்கின் பெயரை எழுத்தில் மட்டும் சொல்லுங்கள். பெண் 18-க்குக் கீழே என்றால் இன்னும் கவனம்: அந்தப் படத்தைச் சேமித்து வைப்பதே ஐடி சட்டம் 67பி-யில் (சிறார் ஆபாசப் படம்) மாட்டும். லிங்க்கை மட்டும் குறித்துக்கொண்டு போலீஸிடம் காட்ட வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம்.