மறுமொழி: லக்கி இமேஜிங் – ‘அதிர்ஷ்டப் படமாக்கம்’ வேண்டாமே

> ‘அதிர்ஷ்டப் படமாக்கம்’ என்றே வைத்துவிடலாம். மூலத்திலும் அதுதானே பொருள்.

வணக்கம். வானியல் படமெடுப்பில் லக்கி இமேஜிங் என்பது, ஒரே பொருளை வேகவேகமாக ஆயிரக்கணக்கில் படமெடுத்து, கலங்காதவற்றை மட்டும் பிரித்தெடுத்து அடுக்குவது. அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

மூலத்தில் அதுதான் பொருள், சரி. ஆனால் 1978-இல் இயற்பியலாளர் டேவிட் ஃபிரைடு ‘லக்கி’ என்ற அந்தச் சொல்லைப் போட்டது ஒரு நிகழ்தகவுக் கணக்குக்கு: காற்றுமண்டலக் கொந்தளிப்புக்கு நடுவே, கண நேரம் மட்டும் திறந்து எடுத்த படங்களில் எத்தனைக்கு ஒன்று கலங்காமல் தேறும்? தமிழில் அதிர்ஷ்டம் என்றதும் லாட்டரிச் சீட்டும் கிளி ஜோசியமும்தான் முன்னால் வந்து நிற்கின்றன.

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவர் வியாழனைப் படமெடுக்க முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கக் கிளம்பிவிட்டார், பெரிய சென்சார் என்றால் நல்ல படம் என்று நினைத்து. அவரிடம் இருப்பது 8 அங்குல ஷ்மிட்-காசிகிரெய்ன் வகைத் தொலைநோக்கி, குவியத்தொலைவு 2032 மி.மீ. வானத்தில் 45 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அகலமுள்ள வியாழனுக்கு அதில் விழும் பிம்பம் அரை மில்லிமீட்டர்கூட வராது, 36 மி.மீ. சென்சாரில் மிச்சமெல்லாம் கறுப்புதான். அவருக்கு வேண்டியது சோனி ஐஎம்எக்ஸ்462 மாதிரி சின்ன சென்சாராக, 2.9 மைக்ரான் பிக்சலோடு, யுஎஸ்பி 3 வழியாக நொடிக்கு நூறு சட்டகத்தையாவது (ஃபிரேம், அதாவது தனித்தனிப் படம்) கணினிக்குத் தள்ளும் கேமரா ஒன்று. இரண்டு நிமிடத்தில் 12,000 சட்டகம். ரொம்ப நீட்டவும் முடியாது, பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடிக்கிற கோள் அது, விவரமெல்லாம் இழுபட்டுவிடும். அப்புறம் ஆட்டோஸ்டேக்கர்ட் என்ற மென்பொருள் தரம் பிரித்துத் தருவதில் மேலே நிற்கும் பத்து சதவீதத்தை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறோம்.

இதில் அதிர்ஷ்டம் எங்கே? மலையாக அள்ளிக் கொட்டி நல்லதைப் பிரிக்கிறோம், அவ்வளவுதான். அந்த வேலைக்கு முறத்துக்காரர்களிடம் சொல் இருக்கிறது: புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல். தெளிவும் அந்தத் தெள்ளோடு பிறந்ததுதான். எனவே ‘தெள்படம்’, கொள்கலன் மாதிரி வினைத்தொகை. தள்ளிய சட்டகங்கள் பதர். இந்தப் பெயர் முதலிலேயே இருந்திருந்தால், ‘தெள்ளுவதற்கு நிறைய வேண்டுமே, அப்போ வேகமான கேமராதானே?’ என்று தம்பியே கேட்டிருப்பார்.

(முதலில் ‘பொறுக்கு படம்’ என்று எழுதிப் பார்த்தேன். எடுத்தவரைத் திட்டுவதுபோல இருந்தது.)

----

> எனவே ‘தெள்படம்’

ஐயா, எங்கள் பக்கம் தெள்ளு என்றால் நாய்மேல் ஏறும் பூச்சி! அதை விடுங்கள், தெள்படம் என்றால் கையில் கிடைத்த படம்தான் தெரிகிறது, செய்முறை தெரியவில்லையே?

----

செய்முறைக்குத் ‘தெள்ளிப் படமாக்கல்’, கிடைத்ததற்குத் ‘தெள்படம்’. உகரம் இல்லாததால் பூச்சி ஏறாது. வேறு யாரும் மறுக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன், பக்கத்தில் ‘லக்கி இமேஜிங்’ என்றும் போட்டு. தேடுகிறவர்கள் அதைத்தானே தட்டச்சுவார்கள்.