641-ஐ ஆய்லர் எப்படிக் கண்டார்? பிள்ளைகளுக்கு விளக்க உதவுங்கள்

அன்பர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர் சாட்ஸ்வொர்த்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் எண்கள் சொல்லித்தருகிறேன். மில்லியனில் பழகியவர்கள் 4294967297-ஐ 'நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு' என்று மூச்சுவிடாமல் வாசித்தபோது வகுப்பே கைதட்டியது.

32 இரண்டுகளைப் பெருக்கி 1 கூட்டினால் வரும் எண் இது. பகா எண் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லர் 641 × 6700417 என்று பிரித்துக்காட்டினார். கரும்பலகையில் பெருக்கிச் சரிபார்த்தோம்.

"641 என்று அவருக்கு எப்படித் தெரிந்தது, அக்கா?" என்று பத்து வயதுச் சிறுமி கேட்டாள். மழுப்ப எனக்கு மனமில்லை. இந்த எண்ணின் பகாக் காரணிகள் 64-இன் மடங்கோடு 1 கூட்டியவையாகவே இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்த்தால், 193, 257, 449, 577 மீதி விட்டுத் தோற்றபின் ஐந்தாவதாக 641. ஏன் 64? வகுத்தலும் மீதியும் மட்டும் அறிந்த பிள்ளைக்குப் புரியும்படி யாராவது வரும் ஞாயிற்றுக்குள் எழுதித்தருவீர்களா?