புதுப்பிப்பு: மண்டி பிரிண்டர் இப்ப ஓடுதுங்க

ஈரோட்டு மஞ்ச மண்டியில, கேபிள் மாட்டியும் லேப்டாப்ல பிரிண்டர் வந்து வந்து மறையுதுன்னு எழுதியிருந்தேனுங்க. யோசனை சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

காரணம் கேபிளோட நீளம். மேசையிலிருந்து உள்ரூம் வரைக்கும் எக்ஸ்டென்ஷன் சேர்த்து இழுத்திருந்தாங்க. யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டரைத் தாண்டுனா சிக்னலை நம்ப முடியாதுங்க. பிரிண்டரைப் பக்கத்துல வெச்சு, சின்ன கேபிளை நேரா லேப்டாப்ல சொருகினதும் விண்டோஸ் கண்டுபிடிச்சுருச்சு.

அப்பவும் பேப்பர் வரலைங்க. போர்ட் (லேப்டாப்ல கேபிள் சொருகற ஓட்டை) மாத்திச் சொருகினா சில சமயம் அதே பிரிண்டரை விண்டோஸ் 'காப்பி 1'ன்னு புதுசாச் சேர்த்துக்குது. பில்லெல்லாம் ஆஃப்லைன்ல கிடக்கற பழைய பேருக்கே போய்ச் சேருது. பழசை நீக்கிட்டு, புதுசை டீஃபால்ட் (பில்லு தானாப் போற பிரிண்டர்) ஆக்கினதும் சரசரன்னு வருதுங்க. இனி எப்பவும் ஒரே போர்ட்டுதான்.